மண்வெட்டி படக்கூடாத வாய்க்கால்

டெல்ஃபினோ மாயெஸின் பிக்கப் டவுனிலிருந்து தண்ணீர் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறுவது அடுப்படியில் நிற்கும் அவர் மனைவி எர்மிந்தாவுக்குக் கேட்கும். வெறும் வண்டி என்றால் கடகடவென்று வந்துவிடும். பின்னால் டேங்க் நிறைந்திருந்தால் பாதி மேட்டில் திணறி, கியர் மாறி, முனகிக்கொண்டு வரும். அன்றைக்கு முனகல். அவள் பீன்ஸ் சட்டியை இறக்கி வைத்துவிட்டு மாவை உருட்டித் தோர்தியா ரொட்டி தேய்க்க உட்கார்ந்தாள். அவசரமில்லை. அவர் சாப்பிட வர நேரமாகும். முதலில் மரங்களுக்கு ஊற்றியாக வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் ஆப்பிள் மரங்கள் பூத்து நின்றன. வாய்க்கால் தண்ணீர் காணாமல் ஒரு கோடை முழுக்கக் கழிந்த பிறகும் எந்தத் தைரியத்தில் பூத்தனவோ. டெல்ஃபினோ குழாயை ஒவ்வொரு மரத்தின் தூரிலும் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு நகர்ந்தார். வெடித்த மண் அதைச் சத்தம் போட்டு உறிஞ்சியது. பாதி மரங்களுக்குப் போவதற்குள் டேங்க் காலி. மீதி மரங்களுக்கு நாளைக்கு.

எல் சௌசால் ஊருக்கு வாய்க்கால்தான் எல்லாம். மேலே மலையிலிருந்து வரும் ஆற்றைக் கல்லும் கட்டையும் தழையும் போட்டு மறித்து, அந்தக் கொரம்பிலிருந்து மலையடிவாரமாகவே வளைந்து வளைந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள் பழைய ஆட்கள். வசந்தம் பிறந்ததும் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து தூர் வாருவான். பிறகு எந்த வயலுக்கு எந்த நாள், எவ்வளவு நேரம் என்று நீர்க்கட்டி சொல்வதுதான் சட்டம். இத்தனை வருஷமாக நீர்க்கட்டி டெல்ஃபினோதான். இப்போது அவருக்குச் சொல்லத் தண்ணீர் இல்லை.

இரண்டு கோடைக்கு முன் மின்னல் விழுந்து மலை எரிந்தது. அதற்கு அடுத்த மழைக்கு ஆறு கறுப்பாக வந்தது. பிடிமானத்துக்கு ஒரு புல்கூட இல்லாத மலை, விழுந்த மழையை அப்படியே உருட்டிவிட்டது. கொரம்பு போனது. தலைமதகு போனது. வாய்க்கால் முழுக்கச் சாம்பலும் சேறும் கரிந்த பைன் கட்டைகளும் வந்து அடைத்து, ஆள் நடந்து போகும் பாதையாகிவிட்டது.

வாய்க்கால் சங்கத்துக்கு எர்மிந்தா செயலாளர். டவுன் பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் வேலை. இங்கிலீஷில் தடுமாறாமல் பேசுவாள். அதிகாரி என்றால் பயப்படமாட்டாள். தீயில் அடிபட்ட வாய்க்கால் சங்கங்களுக்கும் நிலக்காரர்களுக்கும் மத்திய அரசு மானியம் தருகிறது என்று தெரிந்ததும் அவள்தான் அலைந்தாள். கிடைத்தால் கல்லும் தழையுமாக இல்லை, கான்கிரீட்டில் அணை. இரும்பு மதகு. வாய்க்கால் வாரப் பெரிய இயந்திரம். எந்த வெள்ளத்துக்கும் அசையாது. ஒரே ஒரு நிபந்தனை, அனுமதி வரும்வரை அந்த இடத்தில் யாரும் வேலை தொடங்கக்கூடாது. தொடங்கிவிட்ட வேலைக்குப் பணம் கிடையாது. போன வசந்தத்தில் தேவாலயக் கூடத்தில் ஊர் கூடியபோது, "மண்வெட்டியக் கொட்டகைல வைங்க. இந்த ஒரு வருஷம் பொறுங்க. நம்ம பிள்ளைகளுக்கும் சேர்த்து இது நிக்கும்" என்று அவள்தான் சொன்னாள். கை தூக்கினார்கள். டெல்ஃபினோ கடைசியாகத் தூக்கினார்.

அந்த ஒரு வருஷம் தாண்டிவிட்டது.

அன்று சாயங்காலம் பெலார்மினோ காப்பிக்கு வந்தார். பக்கத்து நிலத்துக்காரர். டென்வரில் இருக்கும் இவர்கள் மகனுக்கு ஞானத்தகப்பன். அதனால் கொம்பாத்ரே, கொமாத்ரே முறை. எவ்வளவு வாய்த்துடுக்கானாலும் மரியாதை குறையாது.

"என்ன கொமாத்ரே, வாஷிங்டன்லேர்ந்து தண்ணி கெளம்பிருச்சா?"

"கெளம்பும். மொதல்ல காப்பி குடிங்க."

"போன வருஷமும் இதே காப்பிதான் குடுத்தீங்க. ஆறிப்போச்சு."

"எலி என்னாச்சு?" என்றார் டெல்ஃபினோ, தட்டிலிருந்து தலை தூக்காமல்.

"எந்த எலி?" என்றார் பெலார்மினோ.

"ஆத்தோரத்துப் புல்லுல ஏதோ அபூர்வ எலி இருக்கலாமாம்," என்றாள் எர்மிந்தா. "ஒரு ஆளு வந்து பொறி வச்சுப் பாக்கணும். இல்லேன்னா இல்லேன்னு எழுதணும்."

"இருந்தா?"

"அதுக்கு எடைஞ்சல் இல்லாம வேல செய்யணும்."

"நெருப்பு வந்தப்ப அந்த எலிகிட்ட யாராவது கேட்டாங்களா? என் ஆடு பதினேழு செத்துச்சு. அதுவும் அபூர்வம்தான், எனக்கு."

"எலி மட்டுமில்ல கொம்பாத்ரே. பழமை ஆராய்ச்சிக்காரர் வந்து வாய்க்காலப் படம் பிடிக்கணும். ரொம்பப் பழசாம். அதுக்கு முன்னாடி கை வச்சா புராதனச் சின்னத்த அழிச்ச மாதிரியாம்."

பெலார்மினோ கோப்பையைக் கீழே வைத்தார். "என் பாட்டனோட பாட்டன் வெட்டினது. வருஷா வருஷம் நாங்க வெட்டி வெட்டித்தான் அது பழசாச்சு. இப்ப நான் தொட்டாக் குத்தமா? நல்லவேள, அந்த மனுஷன் செத்துப்போயிட்டாரு. இருந்தா உள்ள தள்ளிருப்பாங்க."

எர்மிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டெல்ஃபினோ சிரிக்கவில்லை. தோர்தியாவைக் கிழித்துச் சட்டியின் அடியில் இருந்த மிளகாய்ச் சாற்றைத் துடைத்தெடுத்துத் தின்றார். விரல் நகங்களுக்குள் சேறு காய்ந்திருந்தது. டேங்க் தண்ணீர் ஊற்றுகிற வேலைக்கு இவ்வளவு சேறு ஏது என்று அவளுக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

மே மாத நடுவில் சான் இசித்ரோ திருநாள். உழவர்களின் புனிதர். சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலோரமாகவே போய், ஓடும் தண்ணீரில் பூ போட்டு வருவது வழக்கம். இந்த முறையும் போனார்கள். வாய்க்காலுக்குள்ளேயே இறங்கி நடந்தார்கள். சாமியார் ஜெபம் முடித்து, பூவை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "சேத்துல போடுங்க சாமி," என்றார் முன்கழியைப் பிடித்திருந்த பெலார்மினோ. "இசித்ரோவும் பாக்கட்டும், எந்த லட்சணத்துல வச்சிருக்காருன்னு."

திரும்பும்போது ப்ரிசிலா எர்மிந்தா பக்கம் வந்தாள். கீழ்வயல் ப்ரிசிலா. புருஷன் தெற்கே எண்ணெய்க் கிணறுகளில் வேலை. நினைத்தால் பணம் அனுப்புவான். வீட்டில் மூன்று பிள்ளைகள். பீன்ஸ் வயல் ஒன்றுதான் அவளுக்கு நிலையாக இருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? பனி ஈரம் கொஞ்சம் இருக்கு. பீன்ஸ ஊனிரவா? விதைக்கு வச்சிருக்கது அவ்வளவுதான். காஞ்சுபோச்சுன்னா அடுத்த வருஷத்துக்கும் இல்ல, திங்கவும் இல்ல."

எர்மிந்தா ஒரு நிமிஷம் யோசித்தாள். "ஊனு. மாசக் கடைசிக்குள்ள அனுமதி வந்துரும். மெஷின் வந்துருச்சுன்னா பத்து நாள் வேல."

"நிச்சயமா?"

"நான் சொல்றேன்ல."

மாதக் கடைசியில் போன் வந்தது. பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். அடுப்பிலிருந்து இறக்கிய மக்கரோனித் தட்டுகளுக்கு நடுவே நின்று எர்மிந்தா பேசினாள். மறுமுனையில் ரொக்சானா கபல்தோன், மானிய அலுவலகத்துப் பெண். பெலேன் ஊர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பெரியவர்களைத் தோன், தோன்யா என்று மரியாதையாகக் கூப்பிட்டாலும் சுற்றி வளைக்காமல் பேசுவாள்.

"தோன்யா எர்மிந்தா, நல்ல சேதி இல்ல. எலி கணக்கெடுப்பு கோடைக் கடைசிலதான் எடுக்க முடியுமாம். அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம். செப்டம்பர் ஆயிரும்."

"செப்டம்பர்ல எங்களுக்குப் பனி விழும் பிள்ள."

"தெரியும். எங்க அப்பாவும் மிளகா போடுறவர்தான், எனக்குத் தெரியாதா? அவசரத்துக்கு விலக்கு குடுங்கன்னு மேல எழுதிருக்கேன். குடுப்பாங்கன்னு சொல்ல மாட்டேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். யாரும் மண்ணத் தொட்டுராதீங்க. தொட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வீட்டுக்கு வந்து அவள் யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம் என்று தொடங்குவாள். அவர் தண்ணீர் ஊற்றிக் களைத்து வந்து உட்காருவதைப் பார்த்ததும் வாய் அடைத்துக்கொள்ளும். வரப்பில் முளைத்திருந்த கீரையைப் பறித்து வெங்காயம் போட்டு வதக்கி பீன்ஸோடு வைத்தாள். அவருக்குப் பிடித்தது. நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லாமல் தின்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தோட்டத்தில் நடந்தாள். பூவெல்லாம் உதிர்ந்து பட்டாணி அளவில் பிஞ்சு பிடித்திருந்தது. குனிந்து தூரில் கை வைத்தாள். காய்ந்து கிடந்தது. நேற்றும் ஊற்றவில்லை, முந்தாநாளும் ஊற்றவில்லை. பிக்கப் மட்டும் தினமும் விடியலில் போய் வந்துகொண்டிருக்கிறது.

அவள் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு வாய்க்கால் வழியே மேல்நோக்கி நடந்தாள்.

தலைமதகு இருந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. வாய்க்காலின் வாயிலிருந்து நெடுகச் சேறு வாரப்பட்டு இரண்டு கரையிலும் குவிந்திருந்தது. பக்கச்சுவர்கள் மண்வெட்டியால் சீவியது போல நேராக இருந்தன. சீவித்தான் இருந்தன. டெல்ஃபினோ ஆற்றுக்குள், தொடை வரைக்கும் பனியுருகிய தண்ணீரில், ஒரு பாறையைக் கட்டிப்பிடித்து நகர்த்திக்கொண்டு நின்றார். உதடு நீலமாக இருந்தது.

"கெழவா!"

அவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் பாறையை நகர்த்தினார்.

"என்ன பண்ணிட்ட நீ? ஐயோ, என்ன பண்ணிட்ட? ரெண்டு வருஷம் நான் நாயா அலைஞ்சு... எல்லாத்தயும் குழி தோண்டிப் பொதைச்சிட்டியே!"

"குழி தோண்டத்தான் எனக்குத் தெரியும்."

"கிண்டல் பேசாத. ஒரு ஆளு பாத்தாப் போதும். முடிஞ்சுச்சு. ஊரே என்ன எரிச்சுரும்."

"மரம் எரிஞ்சுக்கிட்டிருக்கு, எர்மிந்தா."

"கொஞ்சம் பொறுக்கக் கூடாதா? அனுமதி..."

"செப்டம்பர்ல."

அவள் கரையோரம் வந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பெலார்மினோவோட தங்கச்சி மக அந்த ஆபீஸ் பக்கத்துலதான வேல பாக்குறா," என்றார். "என்னிக்கு உனக்கு போன் வந்துச்சோ அன்னிக்கே எனக்குத் தெரியும். நீயாச் சொல்லுவேன்னு பாத்தேன். கீர வதக்கிப் போட்ட. சொல்லல."

"சொன்னா நீ மண்வெட்டியத் தூக்குவ. அதான் சொல்லல."

"சொல்லாமயே தூக்கிட்டேன்."

"அப்ப இன்னிக்குத் தொடங்கினதில்லயா இது?"

"பெலார்மினோ நம்ம வீட்டுல காப்பி குடிச்சாரே, அதுக்கு முன்னாடிலேர்ந்தே." அவர் பாறையில் சாய்ந்து மூச்சு வாங்கினார். "உன்கிட்ட மறைக்கணும்னு இல்ல. உன் மூஞ்சியப் பாத்தா... அந்தக் கான்கிரீட் அணைய நீ கண்ணால பாத்துட்ட மாதிரியே பேசுவ. எனக்கு அது தெரியவேமாட்டேங்குது. கல்லுதான் தெரியுது."

"வெள்ளம் வந்தா இந்தக் கல்லு நிக்குமா?"

"நிக்காது."

"தெரிஞ்சுமா?"

"வெள்ளம் ஜூலைல. மரம் இப்ப சாகுது. இப்ப உள்ளத இப்ப பாக்க வேண்டாமா?"

அவர் மறுபடி குனிந்து பாறையைத் தள்ளினார். அது அசையவில்லை. கால் வழுக்கி முழங்கையால் ஊன்றி, தண்ணீருக்குள் முழுசாக உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. எர்மிந்தா செருப்போடு உள்ளே இறங்கினாள். குளிர் எலும்பைக் கடித்தது. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். அவர் உடம்பு நடுங்கியது. அவளுக்குக் கோபம் தீரவில்லை. அவர் சட்டையை முறுக்கிப் பிடித்தபடியே நின்று அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு அந்தப் பாறையைப் பார்த்தாள்.

"இத இங்க போட்டா ஆறு புரட்டித் தள்ளிரும். அடியில சின்னக்கல்லு குடு," என்றாள்.

அடுத்த நாள் சாயங்காலம் ஊரைக் கூட்டி அவளே சொன்னாள். அனுமதி செப்டம்பரில்தான், அதை நான் மறைத்தேன். என் புருஷன் வெட்டத் தொடங்கிவிட்டார். நானும் இறங்கிவிட்டேன். கூடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ப்ரிசிலா கத்தவில்லை. எழுந்து நின்று கேட்டாள்.

"ஊனுன்னு சொன்னீங்கள்ல அக்கா?"

"சொன்னேன்."

"முளைச்சிருச்சு. ரெண்டு எலை விட்டிருக்கு. மானியம் போச்சுன்னா உங்க கல்லு எத்தன நாளைக்கு? ஒரு மழை. அதுக்கப்புறம் நான் எங்க போவேன்?"

பெலார்மினோ தொண்டையைக் கனைத்தார்.

"இப்ப என்ன, ரெண்டுங்கெட்டான் ஆயிருச்சு. பாதி வெட்டினாலும் குத்தம், முழுசா வெட்டினாலும் அதே குத்தம். பாதி வெட்டுனா தண்ணி வராது, அவ்வளவுதான். நான் காலைல வர்றேன்."

காலையில் பெரும்பாலான வீடுகளிலிருந்து வந்தார்கள். ப்ரிசிலாவும் வந்தாள். யாரிடமும் பேசாமல், ஆணுக்குச் சமமாகச் சேறு வாரி எறிந்தாள். மத்தியானம் மண்கட்டிமேல் உட்கார்ந்து உருளைக்கிழங்கும் மிளகாயும் சுருட்டிய தோர்தியா தின்றார்கள். டெல்ஃபினோ கரைமேல் நடந்து, "அங்க இன்னும் ஒரு சாண், இங்க சரிவு பத்தாது" என்று பழைய குரலில் அதட்டினார். கரிக்கட்டைகளைக் கயிறு போட்டு பிக்கப்பால் இழுத்தார்கள். ஆற்றில் கல்லும் தழையும் போட்டுக் கொரம்பு கட்டி, வாயில் ஒரு பலகை மதகும் வைத்து, ஒரு வாரத்தில் முடித்தார்கள்.

தண்ணீர் வந்த அன்று நுனியில் சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு, மோப்பம் பிடிக்கிற நாய் மாதிரி நின்று நின்று வந்தது. கூடவே ஊர் நடந்தது. குதிரைமசால் தீவன வயலில் பாய்ந்தது. ப்ரிசிலாவின் பீன்ஸில் பாய்ந்தது. ஆப்பிள் மரங்களுக்கு வந்தபோது டெல்ஃபினோ மடையைத் திறந்துவிட்டு, மண்வெட்டிக் காம்பைத் தாடைக்குக் கொடுத்து நின்றுகொண்டார். நெடுநேரம் அப்படியே நின்றார்.

பத்து நாள்கூட ஆகியிருக்காது. அரசாங்கக் கார் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. ரொக்சானா ஓட்டிவந்தாள். பக்கத்தில் கேமராவோடு ஓர் ஆள், பழமை ஆராய்ச்சிக்காரர். கார் நிற்பதற்கு முன்பே ரொக்சானா கண்ணாடியை இறக்கிக் கத்தினாள்.

"தோன்யா எர்மிந்தா! குடுத்துட்டாங்க! விலக்கு குடுத்துட்டாங்க! எலிய அப்புறம் பாத்துக்கலாம்னு கையெழுத்துப் போட்டாச்சு. இவரு இன்னிக்குப் படம் எடுத்துட்டா அடுத்த வாரம் மெஷின்..."

அவள் இறங்கினாள். தண்ணீர் ஓடும் சத்தம் அப்போதுதான் அவள் காதில் விழுந்தது போலிருந்தது. சாலையோரமாக வந்து வாய்க்காலைப் பார்த்தாள். மண்வெட்டி சீவிய கரைகளைப் பார்த்தாள்.

"யாரு... எப்ப இது?"

பெலார்மினோ முந்திக்கொண்டார். "வெள்ளம் வந்துச்சு பிள்ள. அதுவே அடைச்சுச்சு, அதுவே தொறந்துக்கிச்சு. ஆத்தோட குணம் அப்படி."

"வெள்ளம் இப்படி மட்டம் பாத்து வெட்டாது தோன் பெலார்மினோ."

"எங்க ஊரு வெள்ளம் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது."

கேமராக்காரர் வேறு பக்கம் பார்த்தார். ரொக்சானா எர்மிந்தாவிடம் வந்து குரலைத் தாழ்த்தினாள். "உங்க வாயால சொல்லுங்க. வெள்ளம்னு சொன்னா நான் வெள்ளம்னு எழுதுவேன். பின்னாடி யாராவது வந்து பாத்தா என் வேல போகும். பரவால்ல. எழுதுறேன். நீங்க சொல்லணும்."

ஊரே எர்மிந்தாவைப் பார்த்தது. ப்ரிசிலா மண்வெட்டியை இறுக்கிப் பிடித்திருந்தாள். 'சொல்லு' என்று அவள் கண் கெஞ்சியது. கான்கிரீட் அணை எர்மிந்தாவுக்குக் கண்முன்னால் தெரிந்தது. இரும்பு மதகின் சக்கரம்கூடத் தெரிந்தது. பெலேனில் மிளகாய் போடுகிற ஒரு தகப்பனும் தெரிந்தான். வாயைத் திறந்தவள் ரொக்சானாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

"நான்தான் வெட்டினேன்," என்றார் டெல்ஃபினோ. "அவ தடுத்தா. கேக்கல. உன் வேலய எங்களுக்காக அடகு வைக்காத பிள்ள. எழுதிக்க, நீர்க்கட்டி டெல்ஃபினோ மாயெஸ்."

ரொக்சானா காருக்குத் திரும்பிப் போய்க் கதவைச் சாத்தாமல் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "ரெண்டு வாரம்," என்றாள். "ரெண்டே வாரம் நீங்க..." அதற்குமேல் சொல்லவில்லை. தலைமதகுக்கும் அணைக்கும் இனி வழியில்லை என்று போவதற்கு முன் சொன்னாள். அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்க வேண்டும் என்று எர்மிந்தாவுக்கு ஒரு அவதி. உள்ளே போய்த் தோர்தியாவைத் துணியில் சுற்றி எடுத்து வருவதற்குள் கார் போய்விட்டது.

ப்ரிசிலா வாசலில் நின்றாள்.

"ஒரு வார்த்த. வெள்ளம்னு ஒரு வார்த்த. உங்க வீட்டு மரத்துக்கு வேணும்னா சட்டத்த மீறுவீங்க. எங்களுக்கு வேணும்னா உண்மை பேசுவீங்க. நல்லா இருங்க."

ஜூலையில் மழை வந்தது. எல் சௌசாலில் ஒரு தூறல்கூட இல்லை. மலைமேல் மட்டும் கறுத்து இடித்தது. டெல்ஃபினோ மதகை மூடிவிட்டு வருகிறேன் என்று ஓடினார். மூடிவிட்டால் வாய்க்காலாவது தப்பும். கறுப்பு வெள்ளம் கட்டைகளை முட்டித் தள்ளிக்கொண்டு வந்தபோது அவர் பலகையை இறக்கிக்கொண்டிருந்தார். இறக்கிவிட்டார். ஒரு கரிக்கட்டை அவரை இடுப்போடு கரையில் வைத்து அடித்தது. பெலார்மினோவும் இரண்டு பேருமாகக் கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். கொரம்பு இருந்த இடத்தில் ஒரு கல்லும் மிச்சமில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது இடுப்பில் இரும்பு வைத்திருந்தார்கள். நடப்பாரா என்று கேட்டதற்கு டாக்டர், "வயசையும் பாக்கணும்" என்றார். ஜன்னல் பக்கமாகக் கட்டில் போட்டாள். படுத்தபடி பார்த்தால் மரங்கள் தெரியும். அதனாலேயே அங்கே போட்டிருக்க வேண்டாம் என்று பிறகு நினைத்தாள். பிஞ்சுகள் விழ ஆரம்பித்திருந்தன. காற்றில்லாத மத்தியானத்திலும் பொத் பொத்தென்று விழுந்தன.

நீர்க்கட்டி இல்லாமல் வாய்க்கால் இருக்கக் கூடாது. பெலார்மினோவைக் கேட்டார்கள். "எனக்கு வாய்தான் இருக்கு, முதுகு இல்ல" என்றார். அவர் நிலத்தையே விற்கப் பேசிக்கொண்டிருந்தார். யாரும் முன்வரவில்லை. எர்மிந்தா புருஷனின் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். முன்பு வந்த கூட்டத்தில் ஐந்தாறு பேர்தான் வந்தார்கள். தடுக்கவும் இப்போது யாருமில்லை, கேட்கவும் யாருமில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். ஆறு இறங்கிவிட்டது. புதிதாகப் போட்ட தழைக்கும் கல்லுக்கும் இடையே பாதி ஒழுகி, மீதி ஒரு முழங்கை அகலத்துக்கு வாய்க்காலில் வந்தது. சாம்பல் நிறம்.

அவள் அதன் கூடவே நடந்து வந்தாள். எவ்வளவு வரும் என்று அவளுக்கு இப்போது கண்ணாலேயே கணக்குத் தெரிந்தது. ஒரு வயல். அதற்குமேல் இல்லை. நாளைக்கு வருமோ வராதோ. தங்கள் வீட்டு மடை முதலில், மேலே இருந்தது. அதற்குக் கீழே ப்ரிசிலாவின் மடை.

மரங்களுக்கு அருகில் வந்து நின்றாள். இலைகள் ஓரம் சுருண்டு, வெளுத்துத் தொங்கின. மாமனார் நட்ட மரங்கள். இன்றைக்குக் கிடைத்தால் சில பிழைக்கும். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளேயிருந்து அவர் பார்த்துக்கொண்டிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். தலையைத் திருப்பவில்லை. தங்கள் மடைப்பலகையை இன்னும் அழுத்தி மிதித்து, ஓரத்தில் கசிந்த இடத்துக்குச் சேறு அப்பிவிட்டுக் கீழே நடந்தாள்.

ப்ரிசிலா வயலில் இருந்தாள். பீன்ஸ் கொடிகள் பூவெடுத்து வாடி நின்றன. எர்மிந்தா மடையைத் திறந்தாள். ஒருத்தி மேல் பாத்தியை வெட்டிவிட, ஒருத்தி கீழ்ப் பாத்தியைக் கட்டினாள். வெயில் சாய்கிறவரைக்கும் அப்படியே நடந்தது. கடைசிப் பாத்தி நனைந்தபோது வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிட்டிருந்தது. ப்ரிசிலா மண்வெட்டியைக் கழுவினாள். பிறகு வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள்.

எர்மிந்தா உள்ளே வந்து கைகால் கழுவி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். டெல்ஃபினோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி சத்தம் கேட்டுச்சு," என்றார். "நம்ம வரப்புப் பக்கமா வந்துச்சு. அப்புறம் கேக்கல."

"நமக்கு விடல. ப்ரிசிலாவுக்கு விட்டேன்."

வெளியே ஒரு காய் விழுந்தது. அவர் கை போர்வையின் விளிம்பைப் பிடித்துச் சுருட்டியது, விட்டது, மறுபடி சுருட்டியது. கண் ஓரத்திலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. துடைக்கவில்லை. அவளும் துடைக்கவில்லை.

ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டார்.

"கடைசிப் பாத்தி வரைக்கும் போச்சா?"

"போச்சு."

"அந்தக் கிழக்கு மூல கொஞ்சம் மேடு. தண்ணி ஏறாதே."

"ஏறல. கையால வாரி ஊத்தினோம்."

டெல்ஃபினோ தலையை ஆட்டினார். ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சாத்திரு" என்றார். அவள் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.